குப்பைத்தொட்டியில் இருந்த சாற்றமுது

1

இந்தக் கதை ஒரு பொத்தானிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சட்டைப் பொத்தான் இல்லை, கம்ப்யூட்டர் திரையில் வருகிற பொத்தான். ‘வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவு’ என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. வட்டு என்றால் டிஸ்க். அழுத்தியது யாருடைய விரல் என்று இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்குக் கதை கிடைக்காது, எனக்குத் தூக்கம் கிடைக்காது. (தூக்கம் இப்போதும் கிடைப்பதில்லை.)

என் கதைகளைக் கேட்டவர்கள் ஸ்ரீரங்கத்தில் நிறையப் பேர். நம்பியவர் ஒருவரும் இல்லை. காந்தி மார்க்கெட்டுக்கு ஒரு சேனைக்கிழங்கு வந்ததும், அதை அறுக்கப் பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து ரம்பம் வரவழைத்ததும் என் கண்ணால் கண்டது. மருங்காபுரியில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் வாளியை இறக்கிவிட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் அது தண்ணீரைத் தொடும். இதையெல்லாம் சிரிக்காமல் சொல்லவேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கதையிலும் ஒரு பொய் உண்டு. ஒன்றே ஒன்று. மூன்று சொல் நீளம். வரும்போது நானே கை தூக்குகிறேன். சேனைக்கிழங்கு வகையறாவைப் பொய்யில் சேர்க்காதீர்கள். அது காய்கறி.

இன்னொன்று. இதைக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், பேனாவால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கதையைக் காகிதத்தில் ஏன் எழுதுகிறான் கிழவன் என்று கேட்பீர்கள். ஐந்தாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்ததும் நீங்களே பேனாவை எடுத்துக் கையில் கொடுப்பீர்கள்.

2

முதலில் கம்ப்யூட்டரில்தான் தட்டினேன். மூன்று தொடக்கங்கள். நினைவில் இருப்பதை இங்கே திரும்ப எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: “ஐப்பசி பிறந்து இரண்டாம் வாரம், வடக்கு உத்தர வீதியில் ஒரு வீட்டில் ஒரு கொலை நடந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, செத்தது யார் என்று கொன்றவனுக்கே மூன்றாம் நாள்தான்—”

நிறுத்திவிட்டேன். கொலை என்ற சொல்லைத் தட்டியதும் முழங்கையிலிருந்து விரல் வரை ஜில்லென்று ஆகிவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: “லினக்ஸ் ஏறிய வேகத்தில் கம்ப்யூட்டருக்குள் இருந்த காற்றாடி போட்ட சத்தத்துக்கு, ராஜகோபுரத்துப் புறாக்கள் மிரண்டு லால்குடிவரை பறந்துபோய், அடுத்த பாசஞ்சர் பிடித்துத் திரும்பி வந்தன.”

இது நன்றாக இருக்கிறது. அதுதான் கெடுதல். பயத்தில் இருப்பவன் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லக்கூடாது.

மூன்றாம் தொடக்கம்: “தேசிகனுக்கு வயது எழுபத்திரண்டு. டெலிபோன் டிபார்ட்மென்டில் ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி செண்பகவல்லி, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவர். அப்போது சென்னையில் மகள் ஸ்ம்ருதி வீட்டில் இருந்தார். தேசிகனுடன் முப்பது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த சிநேகிதன் அழகர்சாமி—”

இங்கே வந்து நின்றுவிட்டது. அழகர்சாமி என்கிற இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலூர் ரோட்டுக்காரன், எழுபது வயது, எதற்கெடுத்தாலும் ‘நான் பார்த்திருக்கேன்’ என்பான். கதையிலிருந்து அவனை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அவனுக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் போட்டேன். மெக்கானிக் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டிருப்பான். எதிர்வீட்டு லூர்துராணியைப் போட்டேன். அந்த அம்மாள் அந்தப் பொத்தான் பக்கமே போயிருக்கமாட்டார். அந்த விரலை வேறு யார் கையிலும் ஒட்டமுடியவில்லை. ஆகையால் அவன் இருந்துவிட்டுப் போகட்டும்.

3

தேசிகனின் கம்ப்யூட்டர் பத்து வருஷத்துக்கு மேல் பழசு. அதில் ஓடிய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் திரையில் செய்தி வந்தது. மாறப் போனால், ‘உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியானதல்ல’ என்று இன்னொரு செய்தி. தேசிகன் மிரண்டுபோனார். மானிட்டர்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு அழகர்சாமிக்கு ஃபோன் செய்தார்.

“ஓய், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு வீட்டுக்காரனே தண்டோரா போடறான். எவனாவது உள்ளே பூந்துட்டான்னா?”

“பூரட்டும் சாமி. உங்க உபன்யாசத்தையெல்லாம் கேட்டுட்டுத் திருந்திப் போவான்.”

“விளையாடாதீரும். சீக்கிரம் ஒரு வழி சொல்லும்.”

“விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாங்க, காசில்லாதது. நாப்பது கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கேன்.”

(உண்மையில் ஒன்று. அதுவும் அவன் மாப்பிள்ளை ஜெயக்குமார் லால்குடியில் போட்டது. அழகர்சாமி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றான். நாற்பது என்பதும் காய்கறிதான்.)

ஜெயக்குமாரிடம் வாங்கிய பென் டிரைவோடு புதன்கிழமை காலை போனான். உள்ளே எதையும் ஏற்றாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு முகப்பு காட்டினான்: பட்டை கீழே, பழைய விண்டோஸ் ஜாடை. இன்னொன்று: பட்டை உச்சியில். மூன்றாவதில் ஐகானே இல்லை, வெள்ளையடித்த சுவர் மாதிரி.

தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதுல எது லினக்ஸ்?”

“மூணுமேதான்.”

“ஒண்ணுன்னு சொல்லிட்டு மூணைக் காட்டறீரே? பயமா இருக்கு ஓய்.”

அப்போதுதான் அழகர்சாமிக்கு அந்த உவமை வாயில் வந்தது. ஆளுக்குத் தகுந்தாற்போல் பேசுவதில் அவனுக்குப் பெருமை.

“உள்ள மூலவர் ஒருத்தர்தானுங்களே சாமி? இது சாத்துப்படி. சனிக்கிழமைக்கு ஒண்ணு, ஏகாதசிக்கு ஒண்ணு. மேல உடுப்புதான் மாறுது. உள்ள ஒரு துரும்பு அசையாது.”

தேசிகன் முகம் தெளிந்தது. “அப்படிச் சொல்லும்! உள்ளே இருக்கறது அப்படியே இருக்கும்?”

“அப்படியே.”*

* இதை நான் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை, உவமை. லினக்ஸில் மேசைத்திரையை மாற்றுவது உடுப்பு மாற்றுகிற மாதிரிதான், அதுவரை சரி. ஆனால் விண்டோஸை எடுத்துவிட்டு அந்த வட்டில் லினக்ஸை ஏற்றுவது சந்நிதியையே இடித்துக் கட்டுவது. உவமை பொய்யைவிட மோசம் என்று எனக்கு அப்போது தெரியாது. பொய்யைச் சொன்னவனாவது அதை நம்பமாட்டான்.

தேசிகனுடைய சாமான்களையெல்லாம் அழகர்சாமி இன்னொரு பென் டிரைவில் எடுத்து வைத்தான்: ஸ்ம்ருதியின் கல்யாண ஃபோட்டோக்கள், உபன்யாசங்கள், பென்ஷன் கடிதங்கள். திரையில் மிச்சம் இருந்தது குப்பைத்தொட்டி. திறந்தான். உள்ளே ஒரே ஒரு நோட்பேட் கோப்பு. பெயர்: சாற்றமுது. அவர்கள் வீட்டில் ரசத்துக்கு அதுதான் பெயர். அளவு நாலு எம்.பி.

“ரசத்துக்கு இவ்வளவு புளியா?” என்று அழகர்சாமி சிரித்தான். “சாமி, குப்பையில ஒண்ணு கிடக்கு. என்ன செய்ய?”

தேசிகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “குப்பையை என்னை ஏன் கேக்கறீர்? அது அவ டிபார்ட்மென்ட். நான் தொடறதில்லை.”

ஆசாரம் என்று அழகர்சாமி நினைத்தான். திரையில் இருக்கிற குப்பையைக்கூடத் தொடாத மனுஷர்! இதை வைத்து ஒரு வருஷம் கதை சொல்லலாம் என்றும் நினைத்தான்.

பிறகு செய்ததுதான் வினை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுப்பது மரியாதை. எப்படியும் இடிக்கப்போகிற வீடு. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்தான். காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“சீக்கிரம் ஓய். பன்னண்டுலேர்ந்து ஒன்றரை ராகுகாலம்.”

மணி பதினொன்று ஐம்பத்தாறு. அந்தப் பொத்தான் வந்தது. அதில் எழுதியிருந்ததை அழகர்சாமி படித்தான். இரண்டாவது தடவை படிக்க நேரம் இல்லை. நல்ல நேரம் நாலு நிமிஷம்தான் இருந்தது.

அழுத்தினான்.

திரை கறுத்தது. கறுத்தே கிடந்தது. தேசிகன் கைகூப்பியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கோடு வந்தது, எறும்பு மாதிரி ஊர்ந்தது, முடிந்தது. பச்சைப் பசேல் என்று ஒரு வயல்வெளி. கீழே பட்டை. மூலையில் புத்தம்புதுக் குப்பைத்தொட்டி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

“அட! அவகிட்ட மூச்சு விடாதீரும். வந்து பார்க்கட்டும்” என்றார் தேசிகன்.

4

வெள்ளிக்கிழமை செண்பகவல்லி சென்னையிலிருந்து ஃபோன் செய்தார். தேசிகனுக்கு இல்லை, அழகர்சாமிக்கு.

“ஸார், பக்கத்துல யாரும் இல்லையே?”

“இல்லைங்க டீச்சர். நானும் ஒரு பல்லியும்.”

“ரெண்டு நாளா இவர் பேச்சே சரியில்லை. ‘வந்து பாரேன், வந்து பாரேன்’ங்கறார். ரெண்டு பேருமா கம்ப்யூட்டரை ஏதாவது நோண்டறேளா?”

அழகர்சாமி இருமினான். (இருமல் பொய்யில் வராது.)

“நான் வரவரைக்கும் அதுல யாரும் கை வைக்காம பார்த்துக்கோங்கோ. ஒரு சாமான் ஒளிச்சு வெச்சிருக்கேன். இதுவரை யார்ட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்டதான் சொல்றேன்.”

“எங்கிட்ட ஏன் டீச்சர்?”

“நீங்க வெளியில சொன்னாலும் யாரும் நம்பமாட்டா. அதான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கடைசிச் சிரிப்பு.

“குப்பைத்தொட்டியில இருக்கு. சாற்றமுதுன்னு பேர் வெச்சிருக்கேன். காலம்பற இவர் கோயிலுக்குக் கிளம்பினதும் வெளியில எடுப்பேன். எழுதுவேன். திரும்பக் குப்பையில போட்டுடுவேன். ஒன்பது வருஷம் ஆச்சு. இவர்தான் குப்பைன்னா ஸ்க்ரீன்ல இருக்கறதைக்கூடத் தொடமாட்டாரே. இந்த ஆத்துல அதைவிடப் பத்திரமான இடம் எது சொல்லுங்கோ?”

அழகர்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவர் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. அவன் உள்ளங்கைதான் ஈரம்.

“சமையல் குறிப்புங்களா?” குரல் எங்கோ மருங்காபுரிக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“என்னைப் பத்தி ஸார். எனக்கு ஞாபகம் தெரிஞ்ச நாள்லேர்ந்து. ஒரு வரிகூடப் பொய் எழுதலை. அதான் ஒளிச்சு வெச்சிருக்கேன். அறுநூறு பக்கம் ஆச்சு, இன்னும் நாலே பக்கம் பாக்கி. புதன்கிழமை காலம்பற வரேன், வந்து முடிச்சுடுவேன். இருக்கோல்லியோ அது?”

இதோ கை தூக்கிவிட்டேன்.

“பத்திரமா இருக்கு, டீச்சர்.”

‘என்றான் அழகர்சாமி’ என்று எழுதி அடித்திருக்கிறேன். மறுபடி எழுதி மறுபடி அடித்திருக்கிறேன். தாளைத் திருப்பிப் பார்த்தால் பேனா குத்திய ஓட்டை தெரியும்.

என்றேன் நான்.

இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுபது வயதுக்காரனை யாராவது இவ்வளவு தாராளமாக ‘அவன் இவன்’ என்று எழுதுவார்களா, தன்னைத் தவிர? இருந்தாலும் அவனை இனியும் அழகர்சாமி என்றே வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் தள்ளி நிற்கவைத்தால்தான் எழுத வருகிறது.

5

சனிக்கிழமை விடிந்ததும் அழகர்சாமி தேசிகன் வீட்டுக்கு ஓடினான். “தமிழ் டைப்பிங் எப்படி வருதுன்னு பார்க்கிறேன் சாமி” என்று கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தான். புதுக் குப்பைத்தொட்டியைத் திறந்தான். மூடினான். திறந்தான். ஏதோ மூன்றாம் தடவை திறந்தால் மனசு மாறி அது உள்ளே வந்துவிடும் என்பதுபோல. கண்ணாடியில்லாமல் தேசிகன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதால் சும்மா இருக்கமுடியாமல் எதையாவது தட்டவேண்டியிருந்தது. அப்போது தட்டியவைதான் நீங்கள் இரண்டாம் பகுதியில் பார்த்த மூன்று தொடக்கங்கள்.

திங்கட்கிழமை பாலக்கரைக்குப் போனான். அழிந்துபோன கோப்புகளை மீட்டுத் தரும் கடை ஒன்று அங்கே மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் ஷஹனாஸ். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் சின்ன டார்ச் கட்டிக்கொண்டு எதையோ பிரித்துப் போட்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“எத்தனை நாள் ஆச்சுங்கய்யா?”

“அஞ்சு.”

“அதுக்கப்புறம் யாராச்சும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாங்களா?”

“தெனமும்.”

டார்ச் நிமிர்ந்து அவன் முகத்தில் அடித்தது. “டிஸ்க்கு தட்டு சுத்துற பழசா, சுத்தாத புதுசா?”

“பழசும்மா. காது வெச்சா கிரைண்டர் ஓடுற மாதிரி கேக்கும்.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப கொஞ்சம் வழி இருக்கு. அழிச்சுட்டோம்னு நினைக்கிறீங்க. அழியலைங்க. வாசல்ல இருந்த பேர்ப்பலகையைத்தான் கழட்டியிருக்கீங்க. ஆளு உள்ளதான் இருக்காங்க. ஆனா அதுக்கப்புறம் அந்த வட்டுல நீங்க எதை எழுதினாலும், அது எந்த வீட்டுக்குள்ள போய் உக்காரும்னு நமக்குத் தெரியாது. காலி வீடாவும் இருக்கும். ஆள் இருக்கிற வீட்டுல, ஆள்மேலயும் உக்காரும். உக்காந்துட்டா அவ்வளவுதான், எந்திரிக்காது.”

“கொஞ்சூண்டு எழுதினாலுமா?”

“ஒரு எழுத்துன்னாலும் இடம் வேணும்ல?”

அழகர்சாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். “நான் அதுல ஒரு கதை எழுதினேம்மா.”

“எவ்வளவு?”

“மூணு தொடக்கம்.”

“தொடக்கத்தோட நிறுத்துனீங்களே, அதுவரைக்கும் நல்லது.”

புறாக்கள் ஞாபகம் வந்தது. லால்குடிவரை பறந்துபோய், பாசஞ்சரில் திரும்பிவந்த புறாக்கள். அவை எந்த வரியின்மேல் இறங்கினவோ. டீச்சர் எட்டாம் வகுப்பில் அழுதது ஒன்று இருந்திருக்கலாம், அதன்மேல் இறங்கியிருக்கலாம். ஒரு வரிகூடப் பொய்யில்லாத அறுநூறு பக்கம். அதன்மேல் நான் தேசிகனுக்குப் பயந்து கைக்கு வந்ததைத் தட்டியிருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், பேனாவை எடுத்துக் கொடுப்பீர்களா மாட்டீர்களா?

“முதல்ல கம்ப்யூட்டரை நிறுத்துங்க” என்றார் ஷஹனாஸ். “அப்படியே எடுத்துட்டு வாங்க. இன்னொண்ணு. பேர்ப்பலகை இல்லாத ஊருல நான் எந்தக் கதவைத் தட்டுறது? அந்தக் கோப்புல நிச்சயமா இருக்கிற வார்த்தை ஒரு பத்து வேணும். எல்லாரும் எழுதுற வார்த்தை ஆகாது. அவங்க மட்டும் எழுதியிருக்கிற பேரு, ஒரு இடம், யாராச்சும் திட்டுன திட்டு, அந்த மாதிரி. அதை வெச்சு வட்டு முழுக்கத் துழாவுவேன்.”

“கிடைச்சுடுமா?”

“முழுசாவா? நான் பொய் சொல்லமாட்டேங்கய்யா. துண்டு துண்டாக் கிடைக்கலாம். ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம். எழுதினது யாரு?”

“ஒரு டீச்சர்.”

“அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

அழகர்சாமி மாடிப்படி இறங்கினான். எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரை நிறுத்தவேண்டுமென்றால் தேசிகனிடம் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் டீச்சர் ஒன்பது வருஷமாகக் காத்த ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் டீச்சர் எழுதியதே போய்விடும். சொற்களைக் கேட்கவேண்டுமென்றால் டீச்சரிடம், ‘பத்திரமா இருக்கு’ என்றேனே, அது—

இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

6

இன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்துமணிக்கு அழகர்சாமி போனபோது தேசிகன் உற்சாகத்தில் இருந்தார்.

“வாரும் ஓய்! இன்னிக்கு என்ன சாத்துப்படி பார்த்தீரா? நானே இறக்கினேன். நேத்திக்கு ஒண்ணு, முந்தாநாள் ஒண்ணு. ஜன்னலை மூடினா ஜெல்லி மாதிரி ஆடறது பாரும்!”

ஜன்னல் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கீழே வட்டில் எதுவோ எதன்மேலோ போய் உட்காருகிறது என்று அழகர்சாமிக்குத் தெரியும்.

“சாமி, இதை ஒரு நாளைக்கு நிறுத்தி வைங்க.”

“ஏன்?”

“புதுசா போட்டதுல்லிங்களா, மூணு நாள் பத்தியம்.”

“போட்டு ஆறு நாள் ஆச்சு. மருங்காபுரிக் கிணத்தை வேற யார்ட்டயாவது இறைச்சு ஊத்தும்.”

“நெசமாத்தாங்க சொல்றேன். உள்ள இருக்கிறது அழிஞ்சுடும்.”

தேசிகன் சிரித்தார். “உள்ளே ஒரு துரும்பு அசையாதுன்னு நீர்தானே ஓய் சொன்னீர்?”

என் உவமை எழுந்து என்னையே அறைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், அவர் முழங்காலைத் தட்டிச் சிரிக்கிறார்.

அவர் காபி கலக்க உள்ளே போனார். அழகர்சாமி கம்ப்யூட்டரை நிறுத்தினான். பின்னால் குனிந்து, கரண்ட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வேட்டி மடியில் செருகினான். எழுபது வயதில் திருட்டு. காபிக்குக் காத்திராமல் வாசல்வரை வந்துவிட்டான்.

“ஓய்.”

நின்றான்.

“மடியில என்ன?”

குரங்கு, எலி, மின்வாரியம், மூன்று சாக்கும் வாய்வரை வந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. “வயர்” என்றான்.

தேசிகன் இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எடுத்துண்டு போம். ஏதோ காரணம் இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போம். நாளைக்கு அவ வந்ததும் முதல்ல அதைத்தான் திறப்பா. அந்தக் குப்பைத்தொட்டி, பழசு, அது அப்படியே வந்திருக்கோல்லியோ?”

“சாமி... உங்களுக்கு...”

“ஸ்க்ரீன்ல இருக்கற குப்பைக்கு ஆசாரம் ஏது ஓய்? நான் என்ன அசடா? ஒன்பது வருஷமா தினம் கோயில்லேர்ந்து அரைமணி தாமதமா வரேன். தெருமுனையிலேர்ந்தே தொண்டையைக் கனைச்சுண்டு வரேன், அவ எடுத்து வெச்சுக்கட்டும்னு. ஒரு தடவைகூட என்னன்னு பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டேன். எழுதின அன்னிக்குச் சாயங்காலம்வரை ஏதாவது பாட்டை முணுமுணுத்துண்டே இருப்பா. அது போறும் எனக்கு.”

அவர் ஒரு டம்ளரை நீட்டினார். அழகர்சாமிக்குக் கை வரவில்லை.

“அன்னிக்கு நீர் அந்தப் பொத்தான்மேல விரலை வெச்சப்போ பயமாத்தான் இருந்தது. ஆனா நீர் சொல்லியிருந்தீரே, மூலவர் அப்படியே இருப்பார், உடுப்புதான் மாறும்னு. அந்த தைரியத்துலதான் கைகூப்பிண்டு நின்னேன். அப்படியேதானே இருக்கு?”

அழகர்சாமி வாயைத் திறந்தான்.

நான் பதில் சொல்லாமல் படி இறங்கி வந்துவிட்டேன். அவர் அதை ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். “சரி சரி” என்று பின்னாலிருந்து சந்தோஷமாகச் சொன்னது காதில் விழுந்தது. என்னை ஒருவர் முழுமனதாக நம்பியது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தபோது.

7

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன். வயர் இன்னும் மடியில்தான் இருக்கிறது, குத்துகிறது.

ஒரு முடிவு: டீச்சர் வருகிறார், சிரிக்கிறார், “பிசிக்ஸ் டீச்சர் ஸார் நான், ஒரே இடத்துல வெப்பேனா?” என்று மகள் வீட்டில் வைத்திருந்த இன்னொரு பிரதியை நீட்டுகிறார். எழுதும்போதே தெரிந்தது, இது சேனைக்கிழங்கு. ‘அதைவிடப் பத்திரமான இடம் எது சொல்லுங்கோ’ என்று கேட்ட குரலுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

இன்னொன்று: ஷஹனாஸ் அறுநூறு பக்கத்தையும் ஒரு புள்ளி குறையாமல் மீட்டுத் தருகிறார். இதை அந்தப் பெண்ணே ஒப்புக்கொள்ளமாட்டார்.

மூன்றாவது: ஒன்றும் கிடைக்கவில்லை, டீச்சர் முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கிறார், முன்னைவிட நன்றாக வருகிறது. இதை எழுதிய என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். அறுபத்தெட்டு வயதில் டீச்சர் இன்னொரு ஒன்பது வருஷத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? தொலைத்தவனுக்கு ஆறுதலாக ஒரு முடிவு எழுதிக்கொள்ள, தொலைத்தவனுக்கே என்ன உரிமை?

நான்காவதாக ஒரு முடிவு இருக்கிறது. அதில் டீச்சர் ஒன்றுமே பேசுவதில்லை. புதுக் குப்பைத்தொட்டியைத் திறக்கிறார், மூடுகிறார், அடுக்களைக்குப் போகிறார். அதற்குப்பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் முணுமுணுப்பதில்லை. தேசிகன் மட்டும் வழக்கப்படி அரைமணி தாமதமாக, தெருமுனையிலிருந்தே கனைத்துக்கொண்டு வருகிறார்.

இதை எழுதிய தாளைத் தனியாக மடித்து வைத்துவிட்டேன். மற்ற தாள்களோடு வைக்கப் பயமாக இருக்கிறது.

8

வாசகரே என்று ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? ஏனென்றால் இதற்கு ஒரு வாசகர்தான். இதுவரை ‘நீங்கள், நீங்கள்’ என்றது உங்களைத்தான், டீச்சர். உங்களைப் பற்றி உங்களிடமே ‘செண்பகவல்லி’ என்று பெயர் சொல்லி எழுதியதற்கு மன்னிக்கவேண்டும். நேரில் சொல்லத் தைரியம் இருந்தால் கதை எதற்கு?

இன்று பொழுது சாய்வதற்குள் உங்கள் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே இருக்கிற பச்சைக் குப்பைக்கூடையில் இந்தத் தாள்களைப் போட்டுவிட்டு வருவேன். காணாமல்போன வயரைத் தேடி நீங்கள் குனிந்தால் கண்ணில் படும். சாமி தொடமாட்டார். ஆசாரத்தால் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும், ஆறாம் பகுதியைப் படித்ததால் உங்களுக்கும் தெரியும். அதை உங்களிடம் சொல்லலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவருடைய ரகசியத்தையும் உடைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் நான் உடைத்தவற்றில் உங்களுக்குப் பிரயோஜனமாகக்கூடியது அது ஒன்றுதான்.

(வேறு யார் கையிலாவது இது கிடைத்திருந்தால், குப்பையில் கைவிடுகிற உங்கள் பழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். அச்சில் கிடைத்திருந்தால், டீச்சர் மன்னித்துவிட்டார் என்று ஊகம் செய்யாதீர்கள்.)

வயரைச் சாமியிடம் தரமாட்டேன். நீங்கள் வந்து கேட்டால் தருவேன். கம்ப்யூட்டரை ஓடவிடாமல் பாலக்கரைக்கு எடுத்துப்போக வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். பயமாக இருக்கிறது டீச்சர். ரயில் வருகிற நேரத்தைப் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டேன். தாமதமாக வரட்டும் என்று ஒரு மனசு. சீக்கிரம் வரட்டும், இன்னும் எதுவும் அழிவதற்குள் வரட்டும் என்று ஒரு மனசு.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது என்பதால் மட்டுமில்லை. நான் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பொய் எழுதாதவர் கையால் எழுதினால்தான் அது நிற்கும். கீழே பத்துக் கோடுகள் போட்டிருக்கிறேன். உங்கள் சாற்றமுதில் நிச்சயமாக இருந்த பத்துச் சொற்களை எழுதுங்கள். நான் படிக்கமாட்டேன், மடித்து நேராக ஷஹனாஸ் கையில் கொடுங்கள். பேனாவும் கூடைக்குள்ளேயே இருக்கிறது, மூடி கொஞ்சம் இறுக்கம்.

முதல் கோட்டை மட்டும் நீளமாகப் போட்டிருக்கிறேன். என்னைத் திட்டிவிட்டு ஆரம்பிக்க விரும்பினால், இடம் பற்றாமல் போகக்கூடாது.

1. ........................................................................................................
2. ....................
3. ....................
4. ....................
5. ....................
6. ....................
7. ....................
8. ....................
9. ....................
10. ....................